கண் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்த கார்

அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்குவதற்காக நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்கி வைத்திருந்தோம். சண்டை போடுவார், சாப்பாடு வேண்டாம் என்பார், அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று என்னைப் பற்றிப் புகார் வாசிப்பார் என்றெல்லாம் எதிர்பார்த்து, யார் முதலில் பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டோம். வேறு வழியில்லை. கண்புரை முற்றி, எதிரே வருவது லோரியா மோட்டார் சைக்கிளா என்று பக்கத்தில் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின வாரம் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் வண்டியை நிறுத்தி, ஒரு குப்பைத் தொட்டியை ஒதுங்கச் சொல்லி வெகுநேரம் ஹாரன் அடித்திருக்கிறார்.

சாப்பாடு முடிந்ததும் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அப்பா, வண்டி சாவி...” என்று ஆரம்பித்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இந்தா. இனி நீயே ஓட்டு” என்றார். பிறகு மீன் குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

எங்கள் ஒத்திகையெல்லாம் வீணாகிப் போனது. செடெனாக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி, அப்புறம் தொழிற்சாலை பஸ் ஓட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தே எங்களை ஆளாக்கிய மனிதர். அவர் மிட்டாய் கொடுப்பதுபோல் சாவியைக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய், “மாமாவுக்கு எவ்வளவு பெரிய மனசு” என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் கல்யாணத்துக்கு மூத்தது. கண்ணாடியை ஏற்ற ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றி இன்னொரு கையால் கண்ணாடிக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். ஏர்கான் போட்டால் சத்தம் மட்டும் குளிர்ச்சியாக வரும். ஆனால் எஞ்சின் மட்டும் தங்கம். தினமும் அதில்தான் நான் கூலாயில் உள்ள பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குக் கணக்கெழுதப் போனேன். ஒரு நாளும் அது மக்கர் செய்ததில்லை, அந்த ஒரு காலை வரும் வரைக்கும்.

அது அப்பாவைக் கண்புரை ஆப்பரேஷனுக்கு ஜொகூர் பாருவில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டிய காலை. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். அப்பாவை எழுப்பவே கஷ்டப்படப் போகிறேன் என்று நினைத்தால், மனிதர் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். இடது பக்க இருக்கையில், சீட் பெல்ட்கூடப் போட்டுக்கொண்டு.

நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கிர் கிர் கிர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

“அலமாக்!” என்றார் அப்பா. “இன்னிக்குன்னு பார்த்தா இப்படி ஆகணும்?”

அவர் குரலில் அவ்வளவு வருத்தம். போனட்டைத் திறந்து நான் பார்த்தேன். எனக்கு அதற்குள் தெரிந்த ஒரே பொருள் தண்ணீர் ஊற்றும் டப்பா. அதில் தண்ணீர் இருந்தது. கடைசியில் கைப்பேசியில் வாடகைக் காரைக் கூப்பிட்டு, ஸ்கூடாய் நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை எப்போதோ போயிருந்தது. சில மாதம் தள்ளி வேறு தேதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கால்மேல் கால் போட்டு, தோசை சுட்டுத் தரச் சொல்லித் திருப்தியாகப் பசியாறினார்.

மத்தியானம் போமன் வந்தார். மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நல்ல தமிழ்ப் பையன், வாயில் எப்போதும் ஒரு சூயிங்கம். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பாட ஆரம்பித்தது.

“அக்கா, வண்டி ஓகே லா. நீங்க சாவியைச் சரியா திருப்பியிருக்க மாட்டீங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாமானின் கடைசி வீடு வரைக்கும் போகும். அன்றும் போனது. சாவியைத் திருப்பத் தெரியாதவளா நான்? எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வந்து, இந்த வண்டியை விற்றுவிடு என்று மலாயில் ஆலோசனை சொன்னார். போமன் என்னைச் சமாதானப்படுத்த பேட்டரியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிட்டுப் போனார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “பழைய வண்டின்னா அப்படித்தான். அதுக்கே தோணணும்” என்றார்.

அதோடு நான் விட்டிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர் விடவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பித் தள்ளினார். எஞ்சின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஒன்று பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் தீப்பொறி வரவில்லை என்று அவற்றிலிருந்து தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் ஈரத்துக்கு, தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தண்ணீர் பூத்துவிடுமாம். அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். கொஞ்ச நாளில் தொழிற்சாலையில் பக்கத்து மேசைப் பெண்ணின் காருக்கே நான் வைத்தியம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

அடுத்த தேதி வந்தது. இந்தத் தடவை தோற்பதில்லை என்று விடியற்காலையிலேயே எழுந்து, வரவேற்பறையிலிருந்து நீள வயர் இழுத்து, போனட்டைத் திறந்து, என் தலைமுடி காயவைக்கும் ஹேர் டிரையரால் அந்த மூடிக்குச் சூடாகக் காற்றுப் பிடித்தேன். தலையில் துண்டு, உடம்பில் நைட்டி, கையில் டிரையர். மழை பெய்து செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத அந்தக் காலையில்கூடச் சீனப் பெரியவர் வெளியே வந்து நின்று பார்த்தார். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது! நான் போட்ட கூச்சலில் அப்பா எழுந்து வந்துவிட்டார்.

“எடுத்துருச்சா?” என்றார்.

“எடுத்துருச்சுப்பா! நான் சொன்னேன்ல, ஈரம்தான்!”

“கெட்டிக்காரி” என்றார். கொஞ்சம் யோசனையாகத்தான் சொன்னார்.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அப்பா வெள்ளைச் சட்டையும் ஃபைலுமாக இடது இருக்கையில் தயாராக இருந்தார். ஏறினேன். திருப்பினேன். கிர் கிர் கிர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாடகைக் காரைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணு சரியாத் தெரியாதவன் ஆளு தெரியாத வண்டியில ஏறுறதா? போன தடவை வந்தவன் ஓட்டுன ஓட்டுல எனக்குக் குடலே வெளிய வந்துருச்சி. நான் வரல.” கெஞ்சினேன், கத்தினேன், அவர் அசையவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அங்கே பேசிய தாதி நல்ல பெண். ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது தேதியும் தவறினால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். அதற்குள் புரை இன்னும் கெட்டிப்பட்டால் ஆப்பரேஷனே கஷ்டமாகிவிடும் என்று டாக்டரும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்பாவுடைய இன்னொரு கண்ணும் ஏறக்குறைய பால் வழியாகப் பார்ப்பது போலத்தான். வீட்டுக்குள்ளேயே அவர் கதவு நிலையில் இடித்துக்கொள்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போமன் மறுபடியும் வந்தார். வண்டி மறுபடியும் ஒரே திருப்பில் எடுத்தது. “அக்கா, என்னைப் பார்த்தா இதுக்கு மரியாதை வருது போல” என்றார். இருந்தும் பிளக்குகளை மாற்றினார், காயிலை மாற்றினார், ஒவ்வொன்றுக்கும் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். இடையில் ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போதும் வண்டி எடுக்கவில்லை. ஆனால் லாயாங் லாயாங்கில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போன அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வண்டி நனைந்து ஊறிப்போய் நின்றது. அப்பா, “தைரியமா திருப்பு, எடுக்கும்” என்றார். எடுத்தது. பிரியாணி முடிந்து திரும்பும்போதும் எடுத்தது. ஈரம்தான் காரணம் என்ற என் ஆராய்ச்சி அங்கேயே செத்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று அப்பாதான் பூசாரி. கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவித் தடவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். அரிவாள்மனை, தையல் மெஷின், என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள், சோற்றுக் குக்கர், தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவந்த கால்குலேட்டர் எதுவும் தப்பாது. வேலை செய்கிற எதையும் விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. கார் அவர் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தாமானைச் சுற்றி ஒரு வலம் வந்தது.

மறுநாள் காரைக் கூட்டித் துடைக்க உட்கார்ந்தேன். இடது பக்கக் கால்மிதியில் குங்குமம் சிந்தியிருந்தது. அங்கே யாருக்குப் பொட்டு வைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, கைப்பேசி வெளிச்சத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்தேன். உள்ளே, தரைவிரிப்பு மடிந்து ஏறுகிற மூலையில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதன் நெற்றியில் அழகாக ஒரு சந்தனக் கீற்று, நடுவில் குங்குமம்.

அதைத் தட்டினேன். ஓட்டுநர் பக்கம் போய்ச் சாவியைத் திருப்பினேன். கிர் கிர் கிர். திரும்பி வந்து அதை மறுபடி தட்டினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எங்கள் தாமானில் ஒரு காலத்தில் கார் திருட்டு அதிகம். அப்போது பலரும் இந்த மாதிரி சீக்ரெட் சுவிட்ச் வைத்துக்கொண்டார்கள். அதை அணைத்துவிட்டால் தீப்பொறிக்குப் போகும் கரண்ட் போகாது, திருடன் சாவி போட்டுத் திருப்பித் திருப்பியே ஓய்ந்துபோவான். எங்கள் வண்டியிலும் ஒன்று இருந்தது என்பதும், அதில் மாட்டிய திருடன் நான் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா கூடத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் சீனப் பெரியவர் வீட்டு நாய் குரைத்தது.

“ஏம்ப்பா! அடியில ஒரு சுவிட்ச் இருக்கே, அது என்னா?”

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். பிறகு கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னார்: “நீங்க சாவியைத்தானே கேட்டீங்க? கொடுத்தேன்ல.”

நான் ஆரம்பித்தேன். ஹேர் டிரையர், காயில், பிளக், நான் போட்ட லீவு, ஆஸ்பத்திரியில் கேட்ட மன்னிப்பு, எல்லாவற்றையும் வரிசையாக அவர் தலையில் கொட்டினேன். அன்றைக்குச் சந்தைக்குப் போகும்போது ஏன் அணைத்தாய் என்றும் கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக்கு மட்டும் எடுக்கலன்னா உனக்குச் சந்தேகம் வராது?”

இவ்வளவு யோசிக்கிற மூளைக்கு அந்த சுவிட்ச்சுக்குப் பொட்டு வைக்காமல் இருக்கத் தோன்றவில்லையா என்று கேட்டேன். “அதும் வேலை செய்யுதுல்ல?” என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இன்னும் கத்த வேண்டியது பாக்கி இருந்தது.

“கண்ணு போயிட்டா என்னாப்பா செய்வ? அது ஒரு சின்ன ஆப்பரேஷன். மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“உங்கம்மாவுக்கும் சின்ன ஆப்பரேஷன்னுதான் சொன்னாங்க” என்றார் அப்பா. “இந்த வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். நீ இப்ப ஓட்டுற சீட்டுல நான், நான் உக்கார்ற சீட்டுல அவ. போகும்போது ரெண்டு பேரு. வரும்போது நான் ஒருத்தன். எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்.”

என் அப்பா எதற்காவது பயப்படுவதாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அம்மா போனது நேற்று நடந்ததுபோலத்தான் இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் உனக்குக் கண் போவது அதைவிடப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். சுவிட்ச்சை அறுத்துப்போடச் சொல்லலாம் என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அதை அவரே போட்டுவிட வேண்டும் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது தேதி. வெள்ளைச் சட்டை, திருநீறு. ஆனால் இந்தத் தடவை அவர் முந்திக்கொண்டு ஏறவில்லை. நான் ஏறிய பிறகுதான் வந்தார். குனிந்து கையை விட்டு சுவிட்ச்சைப் போட்டார். டக் என்ற சத்தம் எனக்கே கேட்டது. மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, “ம், ஸ்டார்ட் அடி” என்றார். நான் சாவியைத் திருப்பினேன்.

டிக்.

அவ்வளவுதான். இன்னொரு தடவை திருப்பினேன். டிக். நான் மெதுவாக அவர் பக்கம் திரும்பினேன்.

“சத்தியமா நான் இல்ல!” என்றார்.

“அப்பா...”

“உங்கம்மா மேல சத்தியம்! போட்டுட்டேன், நீயே சத்தம் கேட்டல்ல?”

நான் நம்பவில்லை. இந்தப் பேச்சுக்கெல்லாம் இனி மயங்க மாட்டேன் என்று வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. செய்த காரியத்துக்குத் திட்டியபோதெல்லாம் அசையாமல் இருந்தவருக்கு, செய்யாததற்குத் திட்டியதும் பொறுக்கவில்லை.

“காதைத் தீட்டிக் கேளு! சுவிட்ச் ஆஃபா இருந்தா எஞ்சின் சுத்தும், பிடிக்காது. இது சுத்தவே இல்ல. வீடியோ பார்த்துக் கிழிச்சியே, இது தெரியாதா? போனட்டைத் தொற!”

அவர் சொன்னது சரிதான். கோபத்தில் எனக்குப் படித்ததெல்லாம் மறந்திருந்தது. போனட்டைத் திறந்தேன். அவர் தட்டுத்தடுமாறி இறங்கி வந்து, எஞ்சின்மேல் கையை ஓட்டினார். முதலில் ரேடியேட்டர் மூடியைப் பிடித்து ஆட்டினார். “அது இல்லப்பா, இந்தப் பக்கம்” என்று நான் கையைப் பிடித்துப் பேட்டரியில் வைத்தேன். வயரைப் பிடித்ததும் அது கையோடு ஆடியது. போமன் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டியதில் கவ்வி தளர்ந்துபோயிருந்தது. அப்பா வலது கால் செருப்பைக் கழற்றினார். ஒற்றைக் காலில் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கவ்வியின் தலையில் ஓங்கி ஓங்கி அடித்தார். ஓர் அடி என் விரலிலும் விழுந்தது.

“இப்ப ஸ்டார்ட் அடி!”

எடுத்தது. அவர் செருப்பைப் போடக்கூட நேரம் எடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். “போ, போ. மணி ஆகுது. ஸ்கூடாய்ப் பக்கம் போகாத, ஜாம் இருக்கும்” என்று விரட்டினார்.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டி நிஜமாகவே எடுக்கவில்லை. அவர் ஒன்றும் செய்திருக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், நானே கத்திவிட்டு அவரை உள்ளே அழைத்துப்போய்த் தோசை சுட்டிருப்பேன். பக்கவாட்டில் பார்த்தேன். மடியில் ஃபைல், ஃபைல்மேல் செருப்பு, கறுப்பாகிப்போன விரல்களால் இருக்கையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். எனக்கு அவர்மேல் அன்று வந்த பாசத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கையை எடுத்து அவர் கைமேல் வைத்தேன். “ரெண்டு கையாலும் ஓட்டு” என்றார்.

ஆஸ்பத்திரியில் தாதி அவர் கையைப் பார்த்து அலறி, சோப்புப் போட்டுக் கழுவ அழைத்துப்போனார். நான் வெளியே காத்திருந்தேன். காலையில் திட்டியதையெல்லாம் நினைத்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கதவு திறந்து, கண்ணில் கட்டோடு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது ஓடிப்போய் நாற்காலியை நானே பிடித்துக்கொண்டேன். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை.

“வந்துட்டோம்ல?” என்றார்.

“வந்துட்டோம்ப்பா.”

“ரெண்டு பேரும்.”

“ஆமாப்பா. ரெண்டு பேரும்.”

மறுநாள் மறுபடி போய்க் கட்டைப் பிரித்துவிட்டு வந்தோம். அவர் வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, காரை உள்ளே விட்டு, நான் சமையலறைக்குப் போய் உலையும் வைத்துவிட்டேன். வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது. பதறிக்கொண்டு ஓடினேன். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரின் டயரையும் தரை ஓட்டின் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா இது, இவ்வளவு கோணலாவா நிறுத்துவ?” என்றார்.

நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சாவியை எடுத்து வந்து, வண்டியை வெளியே எடுத்து, நேராக நிறுத்தினேன்.